எத்தனை படி வேண்டும்?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், திருப்பத்தில் வேகம் குறைந்த சரக்கு லாரி மறுபடி எழும்பும்போது ஓட்டுநரின் இடது கை சும்மா இருப்பதில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கியர்ப் பெட்டியை வடிவமைத்தவரின் முன்னால் இரண்டு கேள்விகள் இருந்திருக்கும். மொத்தம் எத்தனை படி? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இடைவெளி கூடிப்போனால், கியர் மாற்றிய மறுகணம் எஞ்சின் தன் இழுவைச் சுழற்சிக்குக் கீழே விழுந்து திணறும். குறைந்துபோனால் கை ஓயாது. பெட்டியின் எடையும் விலையும்தான் ஏறும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் பாரத்பென்ஸ், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வாகன ஆலைகள் வரிசையாக வந்து அமர்ந்த இந்த வட்டாரத்தில் இது அன்றாடக் கேள்வி. இதே கேள்வி எஞ்சினோடு சம்பந்தமே இல்லாத ஒரு தோல்பைக்குள்ளும் இருக்கிறது. மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரியில் கிளம்பும் அடையாறு சைதாப்பேட்டை, நந்தனம் பக்கமாகக் கடலை நோக்கிப் போகிறது. அந்த நந்தனத்தில், காஸ்மாபாலிட்டன் கிளப்பின் பதினெட்டுக் குழி கோல்ஃப் திடலில், பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் எல்லாரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு விடையைத் தோளில் சுமந்துகொண்டுதான் நடக்கிறார்கள். பெரும்பாலும் அது கடையில் கிடைத்த விடை.

கோல்ஃப் மட்டையைத் தொட்டிராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆட்டக்காரர் பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938-இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ 1939-இலும் இந்த வரம்பை விதித்தன. அதற்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளோடு ஆடவந்தவர்கள் உண்டு. இந்தப் பதினான்கில் மிகத் தொலைவுக்கு அடிக்கும் டிரைவரிலிருந்து குழியில் உருட்டிவிடும் பட்டர் வரை எல்லாம் அடங்க வேண்டும். குறுந்தூரத்துக்கான, முகம் நன்றாக மல்லாந்த மட்டைகளுக்கு வெட்ஜ் என்று பெயர். நின்ற நிலையில் மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணம் லாஃப்ட். பிச்சிங் வெட்ஜ் 44 முதல் 48 டிகிரி, கேப் வெட்ஜ் 50 அல்லது 52, மணல் வெட்ஜ் 54 முதல் 56, லாப் வெட்ஜ் 58 முதல் 60 என்பது பொதுவான கணக்கு. நான்கு டிகிரிக்கு ஒன்று என்று வாங்கி அடுக்கு என்பதுதான் கடைக்காரர் முதல் கூட ஆடுபவர் வரை சொல்லும் அறிவுரை. அது தவறு என்று சொல்லவரவில்லை. டிகிரி என்பது இங்கே தப்பான அலகு என்பதும், சரியான அலகு ஆடுபவரின் சொந்தச் சிதறலுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில், கோணம் எப்படித் தூரமாகிறது? இரும்பு மட்டைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுகின்றன: லாஃப்ட் மூன்று நான்கு டிகிரி கூடும், கம்பின் நீளம் ஏறத்தாழ அரை அங்குலம் குறையும். நீளம் குறைந்தால் மட்டைத் தலையின் வேகமும் குறையும். வெட்ஜுக்கு வந்ததும் இந்த இரண்டாவது உதவி நின்றுபோகிறது; எல்லா வெட்ஜும் கிட்டத்தட்ட ஒரே நீளம். தூரத்தைக் குறைக்கும் முழு வேலையும் சாய்வின் தலையில் விழுகிறது. எறிந்த பொருள் 45 டிகிரியில் கிளம்பினால் மிகத் தொலைவு போகும் என்று பள்ளியில் படித்த நினைவு சிலருக்குக் குறுக்கிடலாம். அப்படியானால் 45 டிகிரி வெட்ஜ்தானே எல்லாவற்றையும்விட அதிக தூரம் போக வேண்டும்? பந்து முகத்தின் கோணத்திலேயே கிளம்புவதில்லை என்பது ஒரு விடை. முகத்தில் உரசிச் சுழலத் தொடங்குவதால் அதைவிடத் தாழ்வாகவே கிளம்புகிறது. முக்கியமான விடை வேறு. சாய்ந்த முகம் பந்தை நேராக மோதுவதில்லை, வழுக்கிக்கொண்டு மோதுகிறது. சாய்வு ஏற ஏறத் தலையின் வேகத்தில் சிறு பங்கே பந்தை முன்னே தள்ளுகிறது. மீதி உயரத்துக்கும் பின்சுழலுக்கும் போய்விடுகிறது.

இதை எண்ணாக்கிப் பார்க்கலாம். 300 கிராம் எடையுள்ள தலை, 46 கிராம் பந்து, மோதலின் மீள்திறன் 0.7, பந்து முகத்தை விட்டுப் பிரியும்போது வழுக்கல் நின்று உருளத் தொடங்கிவிட்டது, காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரே வீச்சில் 45 டிகிரி சாய்வு பந்தை 100 கெஜம் அனுப்பும்போது 50 டிகிரி சுமார் 87 கெஜமும், 55 டிகிரி 72 கெஜமும், 60 டிகிரி 57 கெஜமும் அனுப்பும். நிஜத்தில் காற்றின் தடையும் பின்சுழல் தரும் தூக்கலும் இந்த எண்களைக் கொஞ்சம் நெருக்கிவிடும். ஆனால் வடிவம் மாறாது. கவனிக்க வேண்டியது அந்த வடிவத்தைத்தான். வெட்ஜ் எல்லைக்குள் சம டிகிரி ஏறத்தாழ சம கெஜத்தைத் தருகிறது. பதின்மூன்று, பதினைந்து, பதினைந்து. நான்கு டிகிரி விதி ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பதற்கு இதுவே காரணம். அது குருட்டு விதி இல்லை. பௌதிகம் அதன் பக்கம் இருக்கிறது. அது சொல்லாமல் விடுவது, அந்தக் கெஜங்கள் உனக்குத் தேவையா என்பதை.

விதி ஆட்டம் காணத் தொடங்கியது மட்டை செய்பவர்களால். அரை நூற்றாண்டுக்கு முன் பிச்சிங் வெட்ஜின் சாய்வு ஐம்பது டிகிரியை ஒட்டி இருந்தது. இன்று புதிதாக ஆடுபவர்களுக்கென விற்கும் தொகுப்புகளில் அது 43, 44. விளம்பர ஆசை இதில் இல்லாமல் இல்லை. “உன் பிச்சிங் வெட்ஜ் பக்கத்து வீட்டுக்காரரைவிடப் பத்து கெஜம் கூடப் போகிறது” என்பது நன்றாக விற்கும் வாக்கியம். நியாயமான காரணமும் உண்டு. பின்பக்கம் குடைந்து, எடையைக் கீழே இறக்கிச் செய்யும் தலைகள் பந்தை உயரமாகக் கிளப்புகின்றன. உயரத்தைச் சரிக்கட்டச் சாய்வைக் குறைக்க வேண்டியிருக்கிறது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். மேல்முனை கீழே இறங்கியது, மணல் வெட்ஜ் தன் 56-இலேயே நின்றது, நடுவில் 12 டிகிரிப் பள்ளம் விழுந்தது. கேப் வெட்ஜ் என்ற பெயரே அந்தப் பள்ளத்திலிருந்து வந்ததுதான். ஒரு மட்டையின் எண்ணை மாற்றி எழுதியதற்கு இன்னொரு மட்டை விலையானது.

அப்படியானால் பள்ளத்தை எத்தனை படியால் நிரப்புவது? இங்கேதான் கெஜக்கணக்கும் போதாமல் போகிறது. ஒரே மட்டையால் ஒரே வீச்சில் இருபது பந்து அடித்தால் இருபதும் ஒரே இடத்தில் விழாது. விழுந்த இடங்களின் பரவலுக்கு, புள்ளியியலார் திட்ட விலக்கம் என்று சொல்லும் அளவுக்கு, ஓர் எண் கொடுப்போம்: வாரக் கடைசியில் ஆடும் சராசரி ஆட்டக்காரருக்கு 8 கெஜம், தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரருக்கு 3 கெஜம் என்று ஒப்புக்காக வைத்துக்கொள்வோம். மட்டைகளுக்கு நடுவே 12 கெஜ இடைவெளி இருந்தால், குழி எந்தத் தூரத்திலும் இருக்கலாம் என்ற நிலையில், சரியான மட்டை கையில் இல்லாததால் மட்டுமே வரும் பிழை அதிகபட்சம் 6 கெஜம். வர்க்கச் சராசரியின் மூலமாகப் பார்த்தால் 3.5. இதுவும் சிதறலும் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடும்: வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். சராசரி ஆட்டக்காரருக்கு மொத்தப் பிழை 8.7 கெஜம். இப்போது மட்டைகளை இரட்டிப்பாக்கி இடைவெளியை 6 கெஜமாக்கினால்? 8.2. அரைக் கெஜ லாபம், அதாவது ஒன்றரை அடி. அதற்காகப் பையில் புது மட்டைகளுக்கு இடம் கொடுத்திருப்பார். தொழில்முறை ஆட்டக்காரருக்கோ அதே மாற்றம் 4.6-ஐ 3.5 ஆக்குகிறது, பிழையில் கால்வாசி போய்விடுகிறது. ஒரே இடைவெளி ஒருவருக்குக் கருவி, மற்றவருக்குச் சுமை.

ஒரகடத்துத் தரக்கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அளவிடும் கருவியின் நுண்மை, அனுமதித்த வேறுபாட்டின் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது அங்கே பழகிய விதி. கருவி அதைவிட முரடாக இருந்தால் நல்ல பாகமும் கெட்ட பாகமும் கலந்துபோகும். மறுபக்கமும் அவர்களுக்குத் தெரியும். ஒரே பாகத்தை இரண்டு மூன்று பேர் பலமுறை அளந்து பார்க்கும் ‘கேஜ் ஆர் அண்ட் ஆர்’ சோதனையில் கையின் ஆட்டமே பெரிதாக இருந்தால், இன்னும் நுண்ணிய மைக்ரோமீட்டர் வாங்குவது காசைக் கரைப்பது. முதலில் கையைச் சரிசெய்ய வேண்டும். ஐந்தாவது வெட்ஜைத் தேடி இணையக் கடைகளைத் துழாவும் ஆட்டக்காரர், அறுத்த மரக்கட்டையை மைக்ரோமீட்டரால் அளக்கப் போகிறார்.

சிதறல் என்பது தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 110 கெஜத்தில் எட்டு கெஜம் சிதறுபவர் 60 கெஜத்திலும் எட்டு சிதறுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பிழை பெரும்பாலும் விகிதமாகவே வருகிறது. அப்படியானால் படிகளும் விகிதமாக அமைவதுதானே முறை? நம் பழைய முகத்தலளவை அப்படித்தான் அமைந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசிக்காரருக்கு ஆழாக்கிலும் படியிலும் ஒரே அளவுப் பிழை கிடையாது, ஒரே பங்குப் பிழை. (அளவுக்கும் ஏறுவதற்கும் தமிழில் படி என்ற ஒரே சொல் நிற்பது இந்த அத்தியாயத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார், பலூன்களைக் கட்ட வைத்திருந்த 425 வகைக் கயிறுகளை 17 ஆகக் குறைத்தபோது பின்பற்றியதும் விகித வரிசைதான், இன்று தொழிற்சாலைகள் பயன்படுத்தும் விருப்ப எண்களின் தொடக்கம் அது. மேலே போட்ட எளிய கணக்கில் விகித இடைவெளியைத் திணித்துப் பார்த்தால் 45-க்கு அடுத்தது 50, அதற்கடுத்தது ஏறக்குறைய 54, பிறகு 57. ஐந்து, நான்கு, மூன்று சொச்சம் என்று டிகிரிகள் சுருங்கிக்கொண்டே போக வேண்டும் என்கிறது கோட்பாடு. ஆனால் நன்றாக மல்லாந்த முகத்தில் பந்து கொஞ்சம் மேலே பட்டாலும் அடியில் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும், தூரம் சட்டென்று விழும். ஆகவே 60 டிகிரி மட்டையின் சிதறல் விகிதத்திலேயே மற்றவற்றைவிடப் பெரிது. ஒன்று நெருக்கச் சொல்கிறது, மற்றது அகற்றச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து மறுபடி சம இடைவெளியின் அருகிலேயே கொண்டுவந்து விடுகின்றன. அந்த வகையிலும் பழைய விதிக்கு யோகம்தான்.

சிதறலைப் பார்த்தே படிகளை வைக்க வேண்டும் என்ற என் கணக்குக்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் நான்கு வெட்ஜோடுதானே வருகிறார்கள் என்பது முதலாவது. அதற்கான பதில் மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது. மூன்று கெஜச் சிதறல் கைவந்தவருக்கு அந்த அடுக்கு பொருந்தும். இரண்டாவது வாதம் கனமானது. மட்டையைக் கூட்டாமல் வீச்சைக் குறைத்தாலே நடுத்தூரங்களை எட்டலாமே? நாசாவில் விண்வெளி ஆய்வு செய்துவிட்டுக் கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ் இதைத்தான் முறையாகக் கற்பித்தார். இடது கை கடிகார முள்ளாக ஏழரை, ஒன்பது, பத்தரை மணிக்கு நிற்கும் மூன்று வீச்சுகள்; நான்கு வெட்ஜோடு பெருக்கினால் பன்னிரண்டு தூரங்கள். 1980-களின் தொடக்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் டாம் கைட் 60 டிகிரி வெட்ஜைப் பையில் சேர்த்ததும் பெல்ஸின் அறிவுரையால்தான். பயிற்சித் திடலில் மணிக்கணக்காக நிற்பவருக்கு இது நிச்சயம் பலிக்கும். அவருக்கு மட்டைகளுக்கு நடுவிலான பள்ளமே கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. பயிற்சி இல்லாதவருக்கு முக்கால் வீச்சின் சிதறல் முழு வீச்சைவிடப் பெரிதாகவே இருக்கும். ஆனால் இந்த வாதம் என் பக்கமே சாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீச்சைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்குக் கூடுதல் மட்டை தேவையில்லை. தெரியாதவருக்கு அது உதவாது.

மூன்றாவது வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். வெட்ஜ் தூரத்துக்கு மட்டும் இல்லை. மணற்குழியிலிருந்து பந்தைக் கிளப்ப வேண்டும். குறுக்கே ஒரு மேடு இருந்தால் உயரத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் திடலில் ஜீன் சாராசென் ஓப்பன் பட்டம் வென்றபோது அவருடைய பையில் இருந்த புதுமை தூரம் சார்ந்ததே இல்லை. விமானத்தின் இறக்கை மடிப்பைப் பார்த்து, மட்டையின் அடிப்பாகத்தில் ஈயம் உருக்கி ஒட்டி, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கச் செய்தார். மணலை வெட்டி உள்ளே புதையாமல் அதன் மேல் சறுக்கிப்போகும் அந்தத் தாழ்வுக் கோணத்துக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர். ஆகவே மணல் வெட்ஜை இடைவெளிக் கணக்கால் தேர்ந்தெடுக்கக் கூடாது. மணலும் மண்ணும்தான் அதைத் தேர்ந்தெடுக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் ஓடாகக் காயும் சென்னைத் தரையில் பவுன்ஸ் அதிகமான மட்டை தட்டித் தெறித்துப் பந்தின் வயிற்றில் மோதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அதே மட்டை ஆபத்பாந்தவன். ஸ்காட்லாந்துத் தரைக்கு எழுதிய அறிவுரையை நந்தனத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

இந்த மூன்றாவது வாதத்தை ஏற்றுக்கொண்டால் வழியும் தெளிவாகிறது. மேல்முனை, அதாவது பிச்சிங் வெட்ஜ், வாங்கிய தொகுப்போடு வந்துவிட்டது. கீழ்முனையான மணல் வெட்ஜை நிலம் முடிவு செய்துவிட்டது. நம் கையில் இருப்பது நடுவிலுள்ள இடம் மட்டும். இரண்டு முனையையும் முழு வீச்சில் இருபது இருபது பந்து அடித்து, சராசரித் தூரத்தையும் சிதறலையும் எழுதிக்கொள்ள வேண்டும். இடைவெளி சிதறலைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் மட்டும் நடுவே ஒரு மட்டை. அதையும் டிகிரியின் நடுவில் வைக்காமல் கெஜத்தின் நடுவில் வைக்க வேண்டும். 44-க்கும் 56-க்கும் நடுவே அது பெரும்பாலும் 50-ஐ ஒட்டியே வரும். 60 கடைசியில், இடம் மிஞ்சினால். அந்த இடத்துக்கு வேறொரு போட்டியாளர் இருப்பதை மறக்கக் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் அடிகளை ஆராய்ந்து 2014-இல் நூலாக்கியபோது, முன்னணி வீரர்களின் மேன்மையில் ஏறக்குறைய 40 விழுக்காடு குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனை நோக்கிய நெடுந்தூர அடிகளிலிருந்தும், 28 விழுக்காடு முதல் அடியிலிருந்தும் வருவதாகக் கண்டார். குறுந்தூர ஆட்டத்தின் பங்கு 17 தான். பதினான்காவது மட்டையாக இன்னொரு வெட்ஜைச் செருகுபவர், 180 கெஜத்தில் உதவியிருக்கும் ஒரு ஹைபிரிட் மட்டையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்.

தேர்ந்தெடுத்த பின்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, அதை மணிமங்கலத்துப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் சட்டென்று சொல்லிவிடுவார்: பொறித்த எண்ணை நம்பாதே, அளந்து பார். சாய்வில் ஒரு டிகிரி முன்பின்னாக வருவது மட்டை உற்பத்தியில் சகஜம். 52 என்று பொறித்தது 53 ஆகவும், 56 என்று பொறித்தது 55 ஆகவும் இருந்தால் நான்கு டிகிரி இரண்டாகச் சுருங்கிவிடும். எதிர்த்திசையில் போனால் ஆறாக விரியும். சாய்வு அளக்கும் சட்டத்தில் பிடித்து, அடித்துச் செய்த கார்பன் எஃகுத் தலையை ஒன்றிரண்டு டிகிரி வளைத்துச் சரிசெய்யலாம். சாய்வைக் குறைத்த ஒவ்வொரு டிகிரிக்கும் பவுன்ஸிலும் ஒரு டிகிரி குறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இத்தனையும் செய்து நந்தனத்துக்காகச் சீராக்கிய பையை விடுமுறைக்கு ஊட்டிக்கு எடுத்துப்போனால், 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டிகிரிகள் அப்படியே இருக்கும். கெஜங்கள் இருக்காது, இருபது இருபது பந்தை அங்கே மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.